கண்ணன் தேவன் கணக்கு – 9: செப்டம்பர் 1

பூஞ்ஞாறு வலியராஜா 1877 ஜூலை 11-இல் ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்தில் இந்தத் தொடர் தொடங்கியது. ஆண்டுக்கு 3,000 ரூபாய் பாட்டம். அதற்கு ஏறத்தாழ 1,37,000 ஏக்கர் மலை. 1897-இல் ஃபின்லே குழுமம் தொடங்கிய கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி, 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று நடந்த போராட்டம் எல்லாவற்றையும் கடந்து, 1956 நவம்பர் 1-இல் சென்ற வாரம் நின்றோம்.

அன்று எல்லைக்கோடு விழுந்தது. தேவிகுளம் கேரளத்தில் தங்கியது. அதுவரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும் அதே கேரளத்துக்குள் வந்தது.

மலை எந்த மாநிலத்துக்கு என்ற கேள்வி முடிந்தது. மலையில் விளையும் லாபத்தில் அந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்ற கேள்வி தொடங்கியது.

*

நான்கு நாள் முந்திய ஆண்டு

1957 ஏப்ரல் 5. இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சராகப் பதவி ஏற்றார். தேர்தலில் நின்று வென்ற 126 உறுப்பினர்களில் 65 பேர் அவர் பக்கம். ஐந்து சுயேச்சைகளையும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை. உலகப் பத்திரிகைகள் திருவனந்தபுரத்தைத் திரும்பிப் பார்த்தன.

நிதித்துறை சி. அச்சுத மேனனிடம் போனது. வழக்கறிஞர், எழுத்தாளர், இரிஞ்ஞாலக்குடா உறுப்பினர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரத்தின் முடிவில் மீண்டும் வருவார்.

வெளிநாட்டார் தோட்டங்களை அரசுடைமையாக்குவோம் என்று கட்சி தேர்தலில் சொல்லியிருந்தது. டெல்லியின் இசைவு இல்லாமல் அது நடக்காது. நடக்கவும் இல்லை. அப்படியானால் மாநில அரசின் கையில் மிஞ்சியது வரி ஒன்றுதான்.

ஜூன் 7. தலைமைச் செயலக வளாகத்தில் இருந்த சட்டமன்றக் கூடத்தில் அச்சுத மேனன் முதல் பட்ஜெட்டை வைத்தார். திருவிதாங்கூர், கொச்சி, மலபார் என்று மூன்று ஆட்சிகளின் வரிப் பழக்கங்கள் ஒரே மாநிலத்துக்குள் வந்து கிடந்தன. அவற்றை ஒன்றாக்க வேண்டும். வருமானத்தையும் கூட்ட வேண்டும்.

அந்த ஆண்டு பிறந்த இரண்டு சட்டங்கள் நம் கதைக்குத் தேவை. ஒன்று, ஏக்கருக்கு 2 ரூபாய் என்ற ஒரே நிலவரியை மலபாருக்கும் சேர்த்து விரித்த திருத்தச் சட்டம். மற்றொன்று, இருக்கிற வரிகளின் மேல் கூடுதல் வரி போட்ட கேரள சர்சார்ஜ் சட்டம். விற்பனை வரிக்கு மேலும், தோட்டங்கள் கட்டும் வேளாண் வருமான வரிக்கு மேலும் அது விழுந்தது.

சர்சார்ஜ் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1957 செப்டம்பர் 1.

வரி ஆண்டு பிறந்த நாள் ஏப்ரல் 1. அதாவது அமைச்சரவை பதவியேற்பதற்கு நான்கு நாள் முன்பு.

*

தேவிகுளத்தின் நாற்காலி

மலையில் அப்போது வேறொரு சூடு.

1957 தேர்தலில் தேவிகுளத்திலிருந்து கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றிருந்தார். கேரளச் சட்டமன்றத்தில் முதலில் உறுதிமொழி எடுத்தவர் அவர். தற்காலிக சபாநாயகராக இருந்து மற்றவர்களுக்கு உறுதிமொழி செய்துவைத்தவரும் அவரே. ஆனால் பி.கே. நாயரின் வேட்புமனுவைத் தவறாகத் தள்ளிவிட்டார்கள் என்று வழக்குப் போனது. தேர்தல் தீர்ப்பாயம் ரோசம்மாவின் வெற்றியை ரத்துசெய்தது.

1958 மே மாதம் இடைத்தேர்தல். அரசின் பெரும்பான்மை விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த நேரம். நாட்டின் கண் முழுவதும் மூணாறு, தேவிகுளம் மலைச்சாலைகளில் விழுந்தது.

வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழர். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்களிடம் தமிழில் பேச வேண்டும். பேசுவதைவிடப் பாட வேண்டும். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு மலையேறினார். பின்னாளில் இளையராஜா என்று உலகம் அறிந்த இளைஞனின் அண்ணன். லயங்களுக்கு முன்னால் அவர் பாட்டு ஒலித்தது.

ரோசம்மா 7,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்று மீண்டும் வென்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கொழுந்து கிள்ளும் பெண்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் உறுப்பினரைச் சபைக்கு அனுப்புகிறார்கள். அந்த உறுப்பினர் மாநிலத்துக்கு வரி விதிக்கும் சபையில் உட்காருகிறார். அவருடைய தொகுதியிலேயே மாநிலத்தின் மிகப்பெரிய தேயிலைக் கம்பெனி இருக்கிறது. அந்தக் கம்பெனி இந்த ஆண்டு எவ்வளவு லாபம் காட்டியது, எவ்வளவு வரி கட்டியது என்று அவர் எழுந்து கேட்டால் என்ன பதில் வரும்?

அன்று நடப்பில் இருந்த 1922 வருமான வரிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, வரி செலுத்துவோர் கொடுக்கும் கணக்கு விவரங்களை ரகசியம் என்றது. வெளியே சொன்ன அதிகாரிக்குத் தண்டனை உண்டு. மொத்த வசூல் எவ்வளவு என்று அமைச்சர் சொல்லலாம். இந்தக் கம்பெனி எவ்வளவு என்று சொல்ல முடியாது.

ஒரு தனிமனிதனின் சம்பளக் கணக்கை ஊரறியச் செய்யக்கூடாது என்பது சரிதான். அதே திரையை ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் கம்பெனிக்கும் போட்டது சரியென்று என்னால் ஏற்க முடியவில்லை. கம்பெனியின் பதிவு பிரிட்டனில். அதை நடத்திய ஃபின்லேயின் தலைமையகம் கிளாஸ்கோவில். பங்குதாரர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை கம்பெனிக்கு இருந்தது. மலையில் உழைத்து ஓட்டுப் போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எந்தச் சட்டத்திலும் இல்லை.

லாபக் கணக்கு அவர்களுக்குத் தூரத்து விஷயமும் அல்ல. போனஸ் அதில்தான் தொங்குகிறது. 1958 அக்டோபரில் மூணாற்றில் நடந்த தோட்டப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். தொழிலாளர் ஓட்டில் வந்த அரசின் போலீஸ். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2015 செப்டம்பரில், அதே மூணாற்றுச் சாலையில் பெண் தொழிலாளர்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் உட்கார்ந்தார்களே, அதுவும் லாபம் குறைந்தது என்று சொல்லி 20 சதவீத போனஸை 10 ஆக்கியதற்காகத்தான்.

*

நூறு ரூபாயில் நாற்பதும் அறுபதும்

தேயிலைக்கு வரி போடுவதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. அது புரியாமல் அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

விவசாய வருமானத்துக்கு வரி போடும் உரிமை மாநிலத்துடையது. மற்ற வருமானத்துக்கு வரி போடுவது மத்திய அரசு. நெல்லுக்கும் தென்னைக்கும் இதில் குழப்பமில்லை. தேயிலை அப்படியல்ல. செடி வளர்த்துக் கொழுந்து கிள்ளும்வரை விவசாயம். அதை வாட்டி, உருட்டி, நொதிக்கவைத்து, உலர்த்தி, சலித்துப் பெட்டியில் அடைப்பது தொழில். இரண்டையும் ஒரே கம்பெனி செய்கிறது. விற்று வரும் பணமும் ஒன்றுதான். எங்கே வெட்டுவது?

வருமான வரி விதிகளில் ஒரு விதி அதை வெட்டிக்கொடுத்தது. தேயிலை வருமானம் 100 ரூபாய் என்றால் 40 ரூபாய் தொழில் வருமானம், அது டெல்லிக்கு. மீதி 60 ரூபாய் விவசாய வருமானம். அதன்மேல் மாநிலம் வரி போடலாம்.

பெரிய பங்கு மாநிலத்துக்குத்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 100 ரூபாய் எது என்று கணக்கிடுவது யார்? எந்தச் செலவைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக்கூடாது என்று முடிவுசெய்வது யார்?

அரசியல் சட்டத்தின் 366-ஆம் பிரிவு விடை சொல்கிறது. விவசாய வருமானம் என்றால், இந்திய வருமான வரிச் சட்டங்கள் எதை அப்படிச் சொல்கின்றனவோ அது. வரி விகிதம் திருவனந்தபுரத்தின் கையில் இருந்தது. வரி விழும் தொகையின் இலக்கணம் டெல்லியின் கையில் இருந்தது. 1957-இல் பட்ஜெட் விவாதத்தில் பேசிய யாருக்கும் இதன் முழு எடை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வழக்குகள் வந்துதான் தெரிந்தது.

*

மூன்று கதவுகள்

முதல் கதவு பாலக்காட்டில் மூடியது.

பாலக்காடு தாலுகாவில் கே.டி. மூப்பில் நாயருக்கு 25,000 ஏக்கருக்கு மேல் காடு இருந்தது. ஆண்டு வருமானம் ஏறத்தாழ 3,100 ரூபாய். ஏக்கருக்கு 2 ரூபாய்க் கணக்கில் வந்த வரி ஏறத்தாழ 54,000 ரூபாய். அவர் உச்ச நீதிமன்றம் போனார்.

1960 டிசம்பர் 9-இல் தீர்ப்பு. தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா பெரும்பான்மைக்காக எழுதினார். விளைவது எவ்வளவு என்று பாராமல், அளந்தும் பாராமல் எல்லா நிலத்துக்கும் ஒரே வரி போடுவது சமத்துவத்துக்கு எதிரானது. இது வரி என்ற பெயரில் சொத்தைப் பறிப்பது. நிலவரிச் சட்டம் விழுந்தது. நீதிபதி சர்க்கார் மட்டும் மாறுபட்டு எழுதினார்.

இந்தத் தீர்ப்பைப் பணக்காரனுக்குச் சாதகமான தீர்ப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. 3,100 ரூபாய் வரும் காட்டுக்கு 54,000 கேட்பது எந்த நியாயத்திலும் சேராது. அரசிடம் அளவை இல்லை, விளைச்சல் கணக்கு இல்லை. நல்ல நோக்கம் மட்டும் இருந்தது. கணக்கைப் பார்க்காமல் வரி விதித்த சபை, கணக்கைக் காட்டியவனிடம் தோற்றது. 1961-இல் புதிய நிலவரிச் சட்டம் எழுத வேண்டியதாயிற்று. இடையில் 1960-இல் தோட்டங்களுக்கென்று தனியே ஒரு கூடுதல் வரிச் சட்டமும் வந்தது. அதற்குள் அச்சுத மேனன் பதவியில் இல்லை. 1959 ஜூலை 31-இல் டெல்லி அந்த அமைச்சரவையைக் கலைத்துவிட்டது.

இரண்டாவது கதவு அந்தச் செப்டம்பர் 1.

கரிம்தருவி தேயிலை எஸ்டேட் என்ற கம்பெனி கேட்ட கேள்வி மிக எளிமையானது. 1957-58 வரி ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. அந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் அந்த ஆண்டின் வரி. அன்று சர்சார்ஜ் சட்டம் இருந்ததா?

இல்லை.

அன்று அந்த அமைச்சரவையே இல்லை.

முன்தேதியிட்டு வரி போடும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு. ஆனால் அதைச் சட்டத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேளாண் வருமான வரியைப் பொறுத்தவரை 1957 ஏப்ரல் 1 முதல் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. விற்பனை வரிக்கும் வருமான வரிக்கும் ஒரே சட்டத்தில் ஒரே தேதியைப் போட்டதால் வந்த வினை என்பது என் ஊகம்; கடையில் ஏற்கெனவே விற்று முடிந்த பொருளுக்குப் பின்னோக்கி வரி கேட்க எந்த அரசும் தயங்கும். காரணம் எதுவானாலும் உச்ச நீதிமன்றம் 1965 டிசம்பரில் சொன்னது: 1957-58-ஆம் ஆண்டுக்கு இந்தச் சர்சார்ஜ் பொருந்தாது.

முதல் பட்ஜெட் ஆண்டில் தோட்டங்களிடமிருந்து வர வேண்டிய கூடுதல் வரி, எட்டு ஆண்டு கழித்துச் செல்லாமல் போயிற்று. கரிம்தருவிக்குச் சொன்னது, அதே நிலையில் இருந்த மற்ற வேளாண் வருமான வரிதாரர்களுக்கும் பொருந்தும்.

தீர்ப்பு வந்தபோது அதைப் பற்றிக் கேள்வி கேட்கத் திருவனந்தபுரத்தில் சபையே இல்லை. 1964 செப்டம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. 1965 மார்ச் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. தேர்ந்தெடுத்த சபை ஒருநாள்கூடக் கூடாமல் கலைந்தது. கேரளத்தின் பட்ஜெட்டை அந்த ஆண்டுகளில் நாடாளுமன்றம்தான் நிறைவேற்றியது. யார் எழுதிய சட்டம், எங்கே ஒரு வரி விட்டுப்போனது, எவ்வளவு பணம் திரும்பிப் போகும் என்று அமைச்சரை நிற்கவைத்துக் கேட்க மலையின் ஓட்டில் வந்த ஒருவரும் இல்லை.

மூன்றாவது கதவுதான் கண்ணன் தேவனின் வாசலுக்கு மிக அருகில் இருந்தது.

1961-இல் கேரளம் தன் வேளாண் வருமான வரிச் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்தது. இன்னும் கொழுந்து தராத இளஞ்செடிகளைப் பராமரிக்கும் செலவைக் கழிக்கக்கூடாது என்றது. செலவு குறைந்தால் வருமானம் கூடும், வரியும் கூடும். இதை எதிர்த்தும் கரிம்தருவிதான் நீதிமன்றம் போனது. மத்திய விதி அனுமதிக்கும் செலவை மாநிலம் மறுக்க முடியாது, தேயிலைக்கு அந்த விளக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் முடித்தது.

பிறகு 1968. இந்தமுறை வழக்குப் போட்டது ஆங்கிலோ அமெரிக்கன் டைரக்ட் டீ டிரேடிங் கம்பெனி. கண்ணன் தேவனைப் போலவே ஃபின்லே குழுமத்தின் பிள்ளை. மத்திய வருமான வரி அதிகாரி ஒரு தொகையைத் தேயிலை வருமானம் என்று கணக்கிட்டுவிட்டால், மாநில வேளாண் வருமான வரி அதிகாரி அதை ஏற்றே தீர வேண்டுமா, தானே கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாமா?

ஏற்றே தீர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மத்திய அதிகாரி போட்ட தொகையில் 60 சதவீதம். அதுதான் மாநிலத்தின் எல்லை.

சட்டப்படி தீர்ப்பில் குறை காண்பது கடினம். ஒரே வருமானத்துக்கு இரண்டு கணக்கு இருந்தால் கம்பெனி என்ன செய்யும்? ஆனால் மலையில் இதன் பொருளைப் பாருங்கள். மூணாற்றுத் தேயிலையின் வருமானத்தைக் கேரள அரசின் அதிகாரி சொந்தமாக ஆராய முடியாது. ஆராய்ந்த மத்திய அதிகாரி கேரளச் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல மாட்டார். அவர் பதில் சொல்ல வேண்டிய நாடாளுமன்றத்தில் தேவிகுளத்துத் தேயிலை எத்தனை நிமிடம் பேசப்படும்?

*

கண்காணிப்பவர்கள் எங்கே இருந்தார்கள்?

வரி வசூலைக் கண்காணிக்க அமைப்பே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருந்தது.

நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1921-லிருந்து இருக்கிறது. மாநிலச் சட்டமன்றங்களுக்கும் அதே பெயரில் குழுக்கள் உண்டு. கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வைப்பார். குழு அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்கும். ஆனால் அந்தத் தணிக்கையின் கண் நீண்ட காலம் அரசு செய்யும் செலவின் மீதே இருந்தது. அரசுக்கு வர வேண்டியது ஒழுங்காக வந்ததா என்று பார்ப்பது பின்னால்தான் வளர்ந்தது. வரி மதிப்பீடும் வசூலும் முறையாக நடக்கின்றனவா என்று தணிக்கை செய்யும் கடமையைத் தணிக்கையாளருக்குச் சட்டத்தில் தெளிவாக எழுதியது 1971-இல். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் நாடாளுமன்றக் குழுவின் தலைவரானதே 1967-இல்தான். மினூ மசானிதான் முதலாமவர்.

நம் கதை நடந்த ஆண்டுகளில் இந்தக் கண் பாதி மூடியிருந்தது. வரிச் சட்டத்தில் ஓட்டை இருப்பதைச் சபை தன் குழுவின் வழியாகக் கண்டுபிடிக்கவில்லை. கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் கண்டுபிடித்து, நீதிமன்றம் உறுதிசெய்த பிறகே அரசுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் பல ஆண்டு தாமதமாக. ரோசம்மாவைப் போன்ற ஒருவருக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை 1957-இலேயே இருந்திருந்தால், செப்டம்பர் 1 என்ற தேதி அந்தச் சட்டத்தில் நின்றிருக்குமா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

*

மீண்டும் அதே மனிதர்

1969 நவம்பர் 1. கேரளம் பிறந்து 13 ஆண்டு நிறைந்த நாள். புதிய முதலமைச்சர் பதவி ஏற்றார். சி. அச்சுத மேனன்.

நிலவரி விழுந்ததை அறிந்தவர். சர்சார்ஜ் செல்லாமல் போனதை அறிந்தவர். தேயிலை வருமானத்தில் மாநிலத்தின் கை எங்கே நிற்கும் என்பதையும் அறிந்தவர். 1970 ஜனவரி 1-இல் நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது; உச்சவரம்பிலிருந்து தோட்டங்களுக்கு விலக்கு. அந்த வழியாகவும் கண்ணன் தேவனைத் தொட முடியாது.

ஆனால் கம்பெனியிடம் இருந்ததெல்லாம் தோட்டமா? தேயிலை நின்றது ஒரு பகுதியில்தான். மீதி சோலைக்காடு, புல்மேடு, விறகுக்கான மரங்கள், ஆறு, பாறை. அந்த நிலம் யாருடையது?

அச்சுத மேனன் அரசு வருமானக் கணக்கை விட்டது. 94 ஆண்டு பழைய பத்திரத்தைக் கையில் எடுத்தது. 1971 ஜனவரியில் கண்ணன் தேவன் மலைகளின் நிலத்தை அரசே மீட்டுக்கொள்ளும் சட்டம் வந்தது. ஒரே ஒரு கம்பெனியின் நிலத்துக்கென்று எழுதிய சட்டம்.

கம்பெனி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மூன்று கதவுகளை மூடிய அதே நீதிமன்றம்.

இந்தமுறை நீதிபதிகளின் முன்னால் இருந்தது ஏப்ரல் 1-ஆ செப்டம்பர் 1-ஆ என்ற கேள்வி இல்லை. 1877-இல் பூஞ்ஞாறு ராஜா மன்றோவுக்குக் கொடுத்தது என்ன? மலையையே கொடுத்தாரா, அதில் விளைவித்துக்கொள்ளும் அனுமதியை மட்டும் கொடுத்தாரா? முழு மலையையும் கொடுக்கும் உரிமை முதலில் அவரிடம் இருந்ததா?

(தொடரும்)